பலகைச் சத்தம்

தை 7, திங்கள்

பிரஷர் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை ஒன்று. சாப்பிட்டதும் எழுதிவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எழுதியாயிற்று. பக்கத்தில் இவ்வளவு இடம் மிச்சம் கிடக்கிறது. வீணாக விட எனக்கு மனசு வராது.

பொங்கலுக்கு வீடு கழுவும்போது வழுக்கி விழுந்து, இடது காலில் கட்டுப் போட்டு இன்றோடு பதினோரு நாள். மைதானத்துக்குப் போக முடியாது. கல்லூரிகளுக்குள் நடக்கும் ஹாக்கிப் போட்டியை லோக்கல் சேனலில் காட்டுகிறார்கள் என்று மருமகள் சரோஜினி கட்டிலை டிவி பக்கம் திருப்பிப் போட்டாள். பேத்தி காளீஸ்வரி பெண்கள் கல்லூரிக்கு கோல் கீப்பர். இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. மைக்கில் பேசியவன்தான் ஆட்டத்தைக் கெடுத்தான். காளி இன்று ஆறு பந்து தடுத்தாள். முதல் கால்பகுதியில் இரண்டு, இரண்டாவதில் ஒன்று, கடைசியில் மூன்று. ஆறுக்கும் அவள் பேரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு பந்து உள்ளே போனது. அப்போது மட்டும் "கோல் கீப்பர் காளீஸ்வரி" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

மூன்றாவது கால்பகுதி ஏழாவது நிமிடத்தில் நம் பிள்ளைகள் கோல் போட்டார்கள். அந்த நேரம் அவன் பேசியது இது: "முன்னாள் கவுன்சிலர் அவர்களுக்கு விழாக் குழு சார்பில் பொன்னாடை அணிவிக்கப்படுகிறது." கேமராவும் பொன்னாடையைக் காட்டியது. கோலை யார் போட்டது என்று எனக்கு இதுவரை தெரியாது.

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம்.

தை 8, செவ்வாய்

கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை. ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்தேன். குச்சி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை இரண்டு.

தை 9, புதன்

இரண்டாவது ஆட்டம், நாகர்கோவில் பிள்ளைகளோடு.

இன்றைக்கு அந்த மைக்காரன் இல்லாத கோலைப் போட்டான். நாகர்கோவில் பிள்ளை ஒருத்தி தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். அரைவட்டத்துக்கு வெளியே நின்று அடித்த பந்து உள்ளே போனாலும் கோல் கிடையாது. இது இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். காளியும் அது தெரிந்துதான் காலை நகர்த்தி விட்டுவிட்டாள். பந்து வலைக்கு அடியில் நிற்கும் கோல் பலகையில் டமார் என்று மோதியது. உடனே இவன், "கோல்! கோல்! நாகர்கோவில் அணி முன்னிலை!" என்று கத்துகிறான். அம்பயர் இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். காளி பந்தை எடுத்துப் போட்டு ஆட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. இவன் இன்னும் கோலைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறான்.

சரோஜினி சிரித்தாள். "உங்க தம்பிக்கு என்னத்த ஆச்சு? நல்லாத்தானே பேசுவாக?"

"எனக்குத் தம்பி கிடையாது."

"சரி, சீனிராசு மாமாவுக்கு."

"அந்தப் பேரையும் இந்த வீட்டுல சொல்லாத."

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் எனக்கு மறதி கிடையாது. எண்பத்தாறாம் வருஷம், மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மில் அணிக்கும் திருச்சி அணிக்கும் இறுதி ஆட்டம். எங்க வீட்டுக்காரர் செல்லச்சாமி மில் அணியில் ஃபுல்பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவர். ஜெயித்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வாயால் சொல்லியிருந்தார். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது கோல் விழுந்தது. மைக்கில் இவன். அப்போது இவனுக்கு இருபத்திரண்டு வயசு, குரல் கணீர் என்று இருக்கும். "செல்லச்சாமி கோட்டை விட்டார்! கையில் இருந்த கோப்பையைச் செல்லச்சாமி கோட்டை விட்டார்!" இரண்டு தடவை. சொந்த அக்கா புருஷன் என்றும் பார்க்கவில்லை. மேனேஜர் பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வேலை கிடைக்கவில்லை. கடைசிவரை சைக்கிள் கடைதான். கடைக்கு வருகிற பயல்கள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறவரிடம், "என்ன அண்ணாச்சி, கோட்டைய விட்டுட்டீகளா?" என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

முப்பத்தொன்பது வருஷம். அவர் இறந்த அன்று இவன் மாலையோடு வந்தான். மாலையை வாங்கி வைக்கச் சொன்னேன். இவனை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். நின்றான்.

தை 10, வியாழன்

கேபிள்காரர் ஜெபமணிக்குப் போன் போட்டேன்.

"யாரு பேசுறீக?"

"சைக்கிள் கடை செல்லச்சாமி பெஞ்சாதி. மைக்குல பேசுற ஆள மாத்துங்க."

"ஏன் ஆச்சி, என்ன செஞ்சாக?"

"ஆட்டம் ஒண்ணு நடக்கு, அந்தாளு வேற ஒண்ணு பேசுதாரு. இல்லாத கோலப் போடுதாரு. யாரு பந்து வச்சிருக்கான்னு சொல்ல மாட்டேங்காரு. 'நம்ம பிள்ளைங்க, நம்ம பிள்ளைங்க'ன்னா எந்தப் பிள்ளை? பேரு வைக்காமலா பெத்தாக?"

ஜெபமணி சிரித்துவிட்டு, "உங்க தம்பி தானே ஆச்சி?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

தை 12, சனி

மூன்றாவது ஆட்டம். ஒன்றும் இல்லாமல் சமன்.

இன்று நான் ஆட்டத்தைவிடக் குரலைத்தான் கவனித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், பிறகு திறந்து பார்த்தேன். பந்து மைக்குப் பக்கம் வரும்போது பேச்சு சரியாக இருக்கிறது. அடி விழுந்தால் "அடித்தார்" என்கிறான். விசில் கேட்டால் "அம்பயர் விசில்" என்கிறான். பந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டால் நன்கொடையாளர் பேரை வாசிக்கத் தொடங்குகிறான். இல்லாவிட்டால் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறான். பலகைச் சத்தம் கேட்டால் கோல்.

ஒரு தடவை பந்து பலகையில் படாமல் வலையில் மட்டும் விழுந்தது. நமக்கு எதிராகக் கோல் ஆகவேண்டியது. ஆனால் அதற்கு முன்பே விசில் ஊதிவிட்டதால் செல்லவில்லை. அவனுக்கு அப்படி ஒரு பந்து விழுந்ததே தெரியவில்லை.

காளி வந்ததும் கேட்டேன். "மைக்காரன் எங்கன உக்காந்துருக்கான்?"

"பந்தல்ல, நடுக்கோட்டுக்கு நேரா. நல்லா எல்லாம் தெரியுற இடந்தான். ஆனா ஆச்சி, இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. நான் பேடு கட்டி, ஹெல்மட்ட கையில வச்சுக்கிட்டு அவுக முன்னாலயே போயி 'தாத்தா'ன்னேன். என்னைப் பாத்துட்டே 'யாரு தாயி?'ன்னாக."

"வயசாயிட்டுல்லா."

"உங்களுக்கு ஆகலையா? தண்ணி குடிக்கப் போறப்ப எல்லைக் கயித்தப் பிடிச்சுக்கிட்டே நடக்காக."

உளுந்தில் கல் கிடந்தது, பொறுக்கினேன். எல்லாக் கல்லும் பொறுக்கியான பிறகும் கொஞ்ச நேரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி மாத்திரை மறந்துவிட்டது.

தை 13, ஞாயிறு

ஜெபமணி வீட்டுக்கே வந்துவிட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆரஞ்சு கொண்டுவந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் ஆச்சி. நீங்க ஆரம்பிச்சு வச்சீக, இப்ப பத்துப் பேரு போன் போட்டுட்டாக. மதுரையில ஒரு பையன் இருக்கான், ரேடியோவுல பேசுறவன். அவனக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

"மாமாகிட்டச் சொல்லியாச்சா?" என்று சரோஜினி கேட்டாள்.

"சொன்னேன். 'ஃபைனல் வரைக்கும் பேச விடு ஜெபமணி, அதுலயும் தப்பு வந்தா நானே மைக்க வச்சுடுதேன்'னாக. அந்த மைக்கு இல்லன்னா மனுசன் வீட்டுல என்ன செய்வாகன்னு தெரியல. சரின்னுட்டேன். ஃபைனல்தான் கடைசி."

நான் ஆரஞ்சை உரித்தேன். புளிப்பு.

நான் கேட்டதுதான் நடக்கிறது. எதற்கு இப்படிப் படபடவென்று வருகிறது என்று தெரியவில்லை. பிரஷராக இருக்கும்.

தை 14, திங்கள்

பிரஷர் பார்த்தார்கள். சரியாகத்தான் இருக்கிறதாம்.

தை 16, புதன். அமாவாசை

அவருக்குப் படையல். நடக்க முடியாததால் நாற்காலியில் உட்கார்ந்தே சமையலுக்கு வேலை சொன்னேன். சரோஜினி முருங்கைக்காயைப் பெரிசாக வெட்டிவிட்டாள். அவருக்குச் சின்னதாக இருக்க வேண்டும். காக்கா வந்தது, சோற்றைத் தொட்டது, வடையைத் தூக்கிக்கொண்டு போனது. அவரும் அப்படித்தான்.

படத்துக்குப் பூ வைத்துக்கொண்டே காளி கேட்டாள். "ஆச்சி, அந்த எண்பத்தாறு கோலு. நிசமாவே தாத்தா விட்டதுதானா? இல்ல அவுக பொய் சொன்னாகளா?"

"ஏட்டி, அப்பளம் கருகுது பாரு."

"அப்பளம் பொரிச்சு எடுத்தாச்சு ஆச்சி."

"அப்ப பாயசத்தப் பாரு."

பிறகு அவள் விடாமல், கீப்பராக நிற்கிறவளுக்குத் தெரியும், தப்பு விட்டால் காதுக்குள் ஒரு வாரம் மணி அடிக்கும் என்றாள். அதை மைக்கிலும் சொன்னால் எப்படி இருக்கும் என்றாள். சகாயமேரி போன வருஷம் ஒரு தடவை பந்தை விட்டதற்கு ஊரே பேசி, அவள் மட்டையைத் தூக்கிப் போடப் பார்த்தாளாம். சகாயமேரி இவளுக்கு முன்னால் நிற்கிற நாலாம் நம்பர். பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். நல்ல பிள்ளை, ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அவன் எட்டு வயசில் கண்மாயில் முங்கி, வலது காதில் சீழ் பிடித்து, அந்தக் காது போனது. நான்தான் முதுகில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நடந்தேன். இப்போது இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பலகைச் சத்தத்தைப் பிடிக்கிறானே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தை 18, வெள்ளி

அரையிறுதி. மூன்றுக்கு ஒன்று ஜெயித்தோம். அவன் நாலுக்கு ஒன்று என்று சொன்னான். ஒரு பலகைச் சத்தம் கூடுதல். பந்தலில் சிரித்தது டிவி வரைக்கும் கேட்டது. அவன் "மன்னிக்கவும்" என்றான். எண்பத்தாறில் சொல்லவேண்டிய சொல்.

டிவியை அணைக்கச் சொன்னேன். பிறகு போடச் சொன்னேன்.

தை 19, சனி

நாளைக்கு மைதானத்துக்குப் போகிறேன். பேத்தியைப் பார்க்கத்தான்.

தை 20, ஞாயிறு

இறுதி ஆட்டம். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது. காலை நீட்டி வைக்க சரோஜினி ஒரு ஸ்டூலும் கொண்டுவந்தாள். பந்தலில் என்னை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டாள். மைக்கு மேசைக்கு இடது பக்கம் நிழல் இருந்தது. அங்கே போடச் சொன்னேன். வலது பக்கமும் நிழல் இருந்ததே என்று அவள் சொன்னாள். அங்கே காற்று வரவில்லை.

அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். காலர் கிழிந்து தைத்திருந்தது. முன்னால் பேர்ப் பட்டியல் இருந்தது, தலைகீழாக. நான் வந்து உட்கார்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஜெபமணி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. திருநெல்வேலிப் பிள்ளைகள் நல்ல உயரம். அவன், "நமது அணி வீராங்கனை பந்தைக் கடத்திச் செல்கிறார்" என்றான். எந்த வீராங்கனை? பந்து அவர்களிடம் அல்லவா இருந்தது! எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அவுக பதினொண்ணு. நடுக்கோட்டுல."

அவன் பேச்சு நின்றது. கழுத்து என் பக்கம் திரும்பியது. கண் என்மேல் நிற்கவில்லை, என் தோளுக்கு மேலே எங்கேயோ நின்றது. மூச்சு ஒன்று விட்டான். பிறகு மைக்கில், "திருநெல்வேலியின் பதினோராம் எண் செல்வராணி, நடுக்கோட்டைத் தாண்டுகிறார்" என்றான்.

இரண்டு அணியின் பேரும் நம்பரும் முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான். எங்கள் அம்மா வயிற்றுப் பிள்ளைகளுக்கு மறதி கிடையாது.

அதற்குப் பிறகு நான் நம்பரும் இடமும் மட்டும் சொன்னேன். "நம்ம ஏழு. வலது கோடி." "அவுக மூணு தடுத்துட்டா." "வட்டத்துக்கு வெளிய, கோல் இல்ல." அவ்வளவுதான். இது பேச்சு ஆகாது. ஒரு வார்த்தை கூடுதலாக நான் சொல்லவில்லை. ஆனால் அவன் பேசினான். ஏழாம் நம்பர் அபிநயா வலது கோடியில் ஓடினால் அவன் குரலும் ஓடியது. பழைய கணீர் வந்தது. பந்தலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். பொன்னாடையோடு ஒருத்தர் மேசைக்கு வந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "இடைவேளையில வாங்க" என்றேன்.

காளி இரண்டு பந்து தடுத்தாள். "ஒண்ணாம் நம்பர். வலது கால்" என்றேன். "காளீஸ்வரி! வலது காலால் தடுத்தார்! என்ன தடுப்பு!" என்றான். அந்த நேரம் என் கண்ணில் தூசி விழுந்தது.

மூன்றாவது கால்பகுதியில் அபிநயா கோல் போட்டாள். ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெபமணி கட்டிய கையை அவிழ்த்துவிட்டார்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம். அவர்களின் பதினொன்று வட்டத்துக்குள் வந்து அடித்தாள். வேகமான அடியே இல்லை. காளி முன்னால் வந்தாள், ஒரு எட்டு அவசரப்பட்டாள். பந்து பலகையில் மோதியது. மைதானமே எழுந்து நின்றது.

அவன் மைக்கை உள்ளங்கையால் பொத்தினான். என் பக்கம் குனிந்தான்.

"யாரு விட்டாக்கா?"

முப்பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

நான் சொன்னேன். "நாலு. நாலாம் நம்பர் மட்டையில பட்டுத் திரும்பிருச்சு."

அவன் கையை எடுக்கவில்லை. இடது காதை என் பக்கமே வைத்திருந்தான். அங்கே சகாயமேரி முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றாள். இவன் சொல்லப்போகிறான், ஊர் கேட்கப்போகிறது, நாளைக்கு அவளிடம் யாராவது சிரித்துக்கொண்டே கேட்கப்போகிறார்கள். எழுந்து நிற்கப் பார்த்தேன். கட்டுக் கால் ஸ்டூலை விட்டு நகரவில்லை.

அவன் கையை எடுத்தான்.

"கோல். ஒன்றுக்கு ஒன்று. திருநெல்வேலி அணியின் செல்வராணிக்கு நமது வாழ்த்துகள். நல்ல முயற்சி. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்குக் கை தட்டுங்கள்."

யார் பேரையும் சொல்லவில்லை. பந்தலில் எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு மறுபடி மைக்கைப் பொத்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"மட்டையில பட்ட சத்தம் கேக்கலையேக்கா. பேடுல பட்ட சத்தமும் கேக்கல. பலகைதான் கேட்டுச்சு."

"நம்ம ஒன்பது. இடது கோடி" என்றேன். அவன் பேசினான்.

சமனில் முடிந்து, ஒற்றைக்கு ஒற்றை ஓடிவந்து அடிக்கும் சுற்றில் தோற்றோம். அவர்களுக்கு மூன்று, நமக்கு இரண்டு. காளி அதிலும் இரண்டைத் தடுத்தாள். இரண்டுக்கும் அவள் பேரைச் சொன்னான்.

ஜெபமணி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பழைய மாதிரி பேசிட்டீக. மதுரைப் பையன் எதுக்கு? அடுத்த போட்டிக்கும் நீங்கதான்." பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார், நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சி, இப்ப கமெண்டரி எப்படி?"

"குறை இருக்கு. பாத்துக்கிடலாம்" என்றேன்.

ஆட்டோவில் காளி என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். "என் காலுக்கு நடுவுல போச்சு ஆச்சி. யாரும் சொல்லல. ஆனா போச்சு."

"நான் பாக்கல. தூசி" என்றேன்.

தை 21, திங்கள்

மாத்திரை இரண்டு. கட்டுக்குள் அந்தக் குச்சி இன்னும் குத்துகிறது.

காலையில் சகாயமேரி வந்தாள். காளியும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து நேற்றைய ஆட்டத்தைப் பேசினார்கள். ரசம் கேட்டாள். கொடுக்கச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை டிவியைப் பார்த்தேன். டிவி போடவில்லை.

இதை இங்கே எழுதிவைக்கிறேன். வேறெங்கும் சொல்லமாட்டேன். நேற்றுப் பந்து காளியின் காலுக்கு நடுவில் போனது. எண்பத்தாறாம் வருஷம் மே பதினெட்டில் பந்து அவர் மட்டைக்கு அடியில் போனது. நான் பெண்கள் பந்தலில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பார்த்தேன்.

ஆனாலும் அவன் அதை இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டாம்.

தை 23, புதன்

மாசி எட்டாம் தேதி கட்டுப் பிரிக்கிறார்கள். அன்றைக்கே கண்ணாஸ்பத்திரிக்கும் போகவேண்டும் என்று சரோஜினியிடம் சொன்னேன். "உங்களுக்குத்தான் ஊசியில நூல் கோக்கத் தெரியுதே அத்தை, யாருக்குக் கண்ணு?" என்றாள். ஆட்டோவில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, யாராவது வந்தால் வரட்டும் என்றேன்.

மாசி பதினொன்றில் ஆண்கள் போட்டி தொடங்குகிறது. ஜெபமணிக்குப் போன் போட்டேன். என் நாற்காலியை மைக்கு மேசைக்கு இடது பக்கமே போடச் சொன்னேன்.

"நிழலுக்கா ஆச்சி?"

"இல்ல. சீனிராசுக்கு வலது காது கேக்காது."